பேச்சுகளைக் கடைசியில் படியுங்கள்: அமெரிக்கா கடல் தாண்டிய கதைக்கு ஒரு வாசிப்பு வழி

ஸ்பெயினின் வசமிருந்த கியூபாவை முன்னிட்டு அமெரிக்கா அதோடு போரிட்டு, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட தீவுகளை எடுத்துக்கொண்ட ஆண்டு 1898. அதைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பேச்சுகளில்தான் தொடங்குகிறார்கள். கடமை, நாகரிகம், கொடி, கடவுளின் சித்தம் என்று அந்தக் காலத்து அமெரிக்க செனட்டர்கள் மணிக்கணக்கில் முழங்கியிருக்கிறார்கள். தீவுகளை எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற எதிர்த்தரப்பும் சளைக்காமல் முழங்கியிருக்கிறது. இரண்டையும் படித்து முடித்த மாணவர், "இவங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கு, அவங்க சொல்றதும் சரியாத்தான் இருக்கு" என்று என் முன்னால் வந்து நிற்பார். இந்தப் பகுதியை நான் நெடுநாளாக நடத்திவருகிறேன். என் வரிசை வேறு. முதலில் வரைபடம், அப்புறம் நாட்காட்டி, அப்புறம் சுங்கக் கணக்கு, அப்புறம் ஒப்பந்தமும் தீர்ப்பும். பேச்சுக்குக் கடைசி இடம்தான்.

பசிபிக்கும் கரீபியனும் தெரிகிற வெற்று வரைபடம் ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பென்சில். இவ்வளவு போதும்.

வரைபடத்தில் நிலக்கரியைத் தேடுங்கள்

பசிபிக்கில் இந்த இடங்களுக்கு ஒவ்வொரு புள்ளி வையுங்கள்: மிட்வே, ஹவாய், வேக், குவாம், மணிலா. தெற்கே தள்ளி சமோவாவில் டுட்டுவிலா. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அமெரிக்கா அதை எடுத்துக்கொண்ட ஆண்டை எழுதுங்கள். மிட்வே 1867, ஹவாய் 1898, குவாமும் பிலிப்பைன்ஸும் அதே 1898, வேக் 1899, டுட்டுவிலா 1900. இப்போது சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மணிலா வரை புள்ளிகளை இணைத்தால் கடலின் குறுக்கே ஒரு பாதை தெரியும். வேக் தீவில் அப்போது குடியிருப்பவர் எவரும் இல்லை. கரும்பும் கிடையாது, சந்தையும் கிடையாது. அப்படிப்பட்ட தீவில் போய் எதற்குக் கொடி நட்டார்கள்?

நீராவிப் போர்க்கப்பலுக்கு நிலக்கரிதான் உயிர். காற்றை நம்பி ஓடிய பாய்மரக் கப்பல் எங்கும் போகலாம். நீராவிக் கப்பல் நிலக்கரி கிடைக்கும் இடத்துக்குத்தான் போக முடியும். அதிலும் போர் மூண்டுவிட்டால் நடுநிலை நாட்டுத் துறைமுகங்கள் கதவைச் சாத்திவிடும். ஆசியக் கடலில் இருந்த அமெரிக்கக் கப்பல் படையின் தலைவர் கமடோர் டியூயிக்கு இதுதான் நேர்ந்தது. ஏப்ரல் 1898-இல் ஸ்பெயினோடு போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் ஹாங்காங் அவருடைய கப்பல்களை வெளியேறச் சொன்னது. சீனக் கரையோரத்திலிருந்த மிர்ஸ் விரிகுடாவுக்கு ஒதுங்கினார். முன்கூட்டியே நான்ஷான் என்ற நிலக்கரிக் கப்பலைச் சரக்கோடு விலைக்கு வாங்கி வைத்திருந்ததால் பிழைத்தார். கடற்படை அதிகாரி ஆல்ஃப்ரெட் மகான் 1890 முதல் வலியுறுத்தி வந்ததும் இதையேதான்: தூரக் கடலில் சொந்தத் துறைமுகம் இல்லாத கடற்படை, போர் வந்தால் தன் கரையை விட்டு அதிக தூரம் போக முடியாது.

கரீபியன் பக்கம் வந்தால் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான், கியூபாவின் குவாண்டனமோ, பனாமா ஆகிய மூன்றுக்கும் புள்ளி வையுங்கள். 1898 மார்ச் 19 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிய ஓரெகன் போர்க்கப்பல், தென் அமெரிக்காவையே சுற்றிக்கொண்டு ஃபுளோரிடாவுக்கு வந்து சேர்ந்தபோது மே 24. பத்திரிகைகள் அந்தப் பயணத்தை நாளுக்கு நாள் பின்தொடர்ந்தன. பனாமாவில் கால்வாய் வேண்டும் என்று வாதாடியவர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. 1903-இல் பனாமா கொலம்பியாவிடமிருந்து பிரிந்தது நவம்பர் 3. கால்வாய் ஒப்பந்தம் கையெழுத்தானது நவம்பர் 18. நடுவே பதினைந்தே நாள்!

அதே 1903-இல் கியூபாவிடமிருந்து குவாண்டனமோவைக் குத்தகைக்கு எடுத்த ஆவணத்தைத் தேடிப் பாருங்கள். நிலக்கரி நிரப்பும் தளமாகவும் கடற்படைத் தளமாகவும் பயன்படுத்துவதற்கு என்று நோக்கம் அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆண்டு வாடகை 2,000 டாலர், தங்க நாணயத்தில். அதே ஆண்டு கடலடித் தந்திக் கம்பி சான் பிரான்சிஸ்கோ, ஹொனலுலு, மிட்வே, குவாம் வழியாக மணிலாவைத் தொட்டது. உங்கள் பென்சில் கோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. வரைபடத்தை மட்டும் பார்த்தால் எல்லாமே யாரோ முன்கூட்டித் திட்டம் போட்டுச் செய்ததுபோல இருக்கும். அப்படியும் இல்லை. 1898 வசந்தத்தில் பிலிப்பைன்ஸ் முழுவதையும் வைத்துக்கொள்வது என்ற முடிவு வாஷிங்டனில் இருக்கவில்லை. இதைச் சரிசெய்யத்தான் அடுத்தது நாட்காட்டி.

நோட்டில் இரண்டு பத்தி

ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடது பத்தி வாஷிங்டன், வலது பத்தி தீவு. பாடப்புத்தகம் பெரும்பாலும் இடது பத்தியை மட்டும் சொல்லும். வலது பத்தியை நிரப்புவதுதான் உங்கள் வேலை.

1898 பிப்ரவரி 15: கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் மெயின் போர்க்கப்பல் வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளியிலிருந்து கண்ணிவெடி வைக்கப்பட்டதாகக் கடற்படை விசாரணை மார்ச்சில் சொன்னது. 1976-இல் அட்மிரல் ரிக்கோவர் நடத்திய மறு ஆய்வு, நிலக்கரி அறையில் பிடித்த தீ பக்கத்து வெடிமருந்தைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்றது. பார்த்தீர்களா, இங்கேயும் நிலக்கரி.

இடது பத்தியில் பிப்ரவரி 25-க்கு ஒரு பெரிய வட்டம் போடுங்கள். அன்று மாலை கடற்படைச் செயலர் லாங் அலுவலகத்தில் இல்லை. துணைச் செயலர் தியோடர் ரூஸ்வெல்ட் டியூயிக்குத் தந்தி அடித்தார்: கப்பல்களை ஹாங்காங்கில் திரட்டு, நிலக்கரியை நிரப்பி வைத்திரு, போர் அறிவிக்கப்பட்டால் ஸ்பானியக் கப்பல்கள் ஆசியக் கரையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டு பிலிப்பைன்ஸில் தாக்குதலைத் தொடங்கு. மெயின் விசாரணை அப்போது முடியக்கூட இல்லை. போர் அறிவிப்பு வர இன்னும் இரண்டு மாதம். கியூபாவுக்காக நடந்ததாகச் சொல்லப்படும் போரின் முதல் பெரிய சண்டை, மே 1 அன்று, உலகின் மறு கோடியிலிருந்த மணிலா விரிகுடாவில் நடந்தது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தத் தந்தியைத்தான் காட்டுவேன். கடற்படை ஏற்கெனவே போட்டு வைத்திருந்த போர்த்திட்டங்களிலும் மணிலா இருந்தது. எல்லாம் ரூஸ்வெல்ட் ஒருவரின் மூளையில் உதித்தது என்று எழுதிவிடாதீர்கள்.

வலது பத்தி: மே 19 அன்று பிலிப்பினோ தலைவர் எமிலியோ அகினால்டோ அமெரிக்கக் கப்பலிலேயே ஊர் திரும்பினார். ஜூன் 12 அன்று கவிட்டில் விடுதலையை அறிவித்தார். அவருடைய ஆட்கள் நிலவழியாக மணிலாவை வளைத்து நின்றார்கள்.

அடுத்தது ஆகஸ்ட் 12, 13. இந்த இரண்டு நாளில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். ஆகஸ்ட் 12 பிற்பகல் வாஷிங்டனில் ஸ்பெயினுடன் சண்டை நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. மணிலாவில் அப்போது 13 விடிகிற நேரம். செய்தி போகவில்லை, ஏனென்றால் மணிலாவின் தந்திக் கம்பியை மே மாதத்திலேயே டியூயி வெட்டியிருந்தார். சில மணி நேரம் கழித்து மணிலாமீது 'தாக்குதல்' நடந்தது. அதுவும் பேசிவைத்த சண்டை. பெல்ஜிய தூதர் நடுவில் நின்று பேசி, ஸ்பானிய ஆளுநர் பெயருக்குக் கொஞ்சம் எதிர்த்துவிட்டு அமெரிக்கர்களிடம் சரணடைவது, பிலிப்பினோ படையை மதிலுக்குள் விடுவதில்லை என்று ஏற்பாடாகியிருந்தது. போர் முடிந்த செய்தி ஆகஸ்ட் 16-இல் வந்து சேர்ந்தது. இடது பத்தியில் 'மணிலா வெற்றி' என்று எழுதுவீர்கள். வாரக்கணக்கில் ஊரை வளைத்து நின்றவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்பது வலது பத்திக்கு.

ஹவாய்க்கும் இதே முறைதான். 1893 ஜனவரி 16-இல் பாஸ்டன் கப்பலிலிருந்து அமெரிக்கக் கடற்படையினர் ஹொனலுலுவில் இறங்கினார்கள். மறுநாள் அரசி லிலியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1897-இல் இணைப்பு ஒப்பந்தம் செனட்டுக்கு வந்தபோது, வேண்டாம் என்று 21,000-க்கும் மேற்பட்ட ஹவாய் மக்கள் கையெழுத்திட்ட மனு வாஷிங்டனுக்குப் போனது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்கவில்லை, ஒப்பந்தம் படுத்துவிட்டது. 1898 ஜூலையில் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்கிற கூட்டுத் தீர்மானத்தின் மூலம் அதே ஹவாயை இணைத்தார்கள். இடையில் என்ன மாறியது? மணிலாவுக்குப் படை போய்க்கொண்டிருந்தது, வழியில் ஹொனலுலு இருந்தது.

சர்க்கரை வரி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஆர்வம் வந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் சர்க்கரையே காரணம் என்று எழுதத் தோன்றும். 1875 உடன்படிக்கையால் ஹவாய் சர்க்கரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போய்க்கொண்டிருந்தது. 1890-இன் சுங்கச் சட்டம் எல்லா நாட்டுக் கச்சாச் சர்க்கரைக்கும் வரியை நீக்கி, உள்நாட்டு உற்பத்திக்குப் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம் கொடுத்தது. ஹவாய் தோட்டக்காரர்களின் சலுகைக்கு அர்த்தமே இல்லாமல் போனது. அடுத்து 1894 சட்டம் வரியை மறுபடியும் போட்டது. இந்த முறை அடி வாங்கியது கியூபா. 1895 பிப்ரவரியில் கியூபாவில் கிளர்ச்சி வெடித்தது.

ஆனால் கியூபர்கள் 1868-லிருந்து பத்து ஆண்டு போராடியவர்கள். அவர்களுக்கு விடுதலை வேட்கையைச் சுங்க அதிகாரி கற்றுக்கொடுக்கவில்லை. ஹவாயில் பெரிய சர்க்கரை முதலாளியான கிளாஸ் ஸ்ப்ரெக்கல்ஸ் இணைப்பை எதிர்த்தவர். எனவே சுங்கச் சட்டங்களின் ஆண்டுகளை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவைத்துக்கொண்டு நகருங்கள்.

659 டாலர் 35 சென்ட்

பேரரசு என்றால் சட்டப்படி என்ன என்று புரிய வேண்டுமானால் ஒரு ஆரஞ்சுப் பழச் சரக்கைப் பின்தொடருங்கள். 1900-இல் டவுன்ஸ் என்ற வணிகரின் நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்குக்கு ஆரஞ்சுகளைக் கொண்டுவந்தது. துறைமுகச் சுங்க அதிகாரி பிட்வெல் 659 டாலர் 35 சென்ட் வரி வாங்கினார். டவுன்ஸ் கட்டிவிட்டு வழக்குப் போட்டார். அவர் கேட்டது எளிய கேள்வி: போர்ட்டோ ரிக்கோ இப்போது அமெரிக்கா என்றால், அமெரிக்காவுக்குள்ளேயே சரக்கு கொண்டுவருவதற்கு வரி எதற்கு? நாடு முழுவதும் ஒரே மாதிரி வரி இருக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறதே?

1901 மே 27 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுக்குச் சொந்தமானது, ஆனால் வரி சம்பந்தப்பட்ட பிரிவைப் பொறுத்தவரை அமெரிக்காவின் பகுதி அல்ல. நீதிபதி ஒயிட் தனியாக எழுதிய கருத்தில், சர்வதேச நோக்கில் அது வெளிநாடு அல்ல, உள்நாட்டு நோக்கில் வெளிநாடு என்ற பொருளில் எழுதினார். படித்ததும் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். பின்னாளில் சட்டமாக நிலைத்தது அவருடைய வாதம்தான். 1917-இல் போர்ட்டோ ரிக்கோ மக்களுக்குக் குடியுரிமை வந்தது. ஆனால் அந்தத் தீவில் குடியிருக்கிறவர்களுக்கு இன்றுவரை அதிபர் தேர்தலில் வாக்கு கிடையாது.

தீர்ப்பைப் படிக்கும்போது யார் எந்தப் பக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள். தீர்ப்பை அறிவித்த நீதிபதி பிரவுன்தான், ரயிலில் கறுப்பினத்தவரைத் தனிப் பெட்டியில் உட்கார வைக்கலாம் என்ற 1896 தீர்ப்பையும் எழுதியவர். அன்று தனியாக எதிர்த்து நின்ற நீதிபதி ஹார்லன் இந்த வழக்கிலும் எதிர்த்தார். நான் ஹார்லனின் எதிர்ப்பை முதலில் படிக்கச் சொல்வேன். அவர் எதைக் கண்டு கவலைப்பட்டார் என்று தெரிந்தபிறகு ஒயிட்டின் சுற்றுவழி நன்றாகவே புலப்படும்.

ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவுகள்

1898 டிசம்பர் 10 பாரிஸ் ஒப்பந்தத்தில் 17 பிரிவுகள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 1, 2, 3, 9 போதும். முதல் மூன்றில் ஸ்பெயின் கியூபா மீதான உரிமையை விடுகிறது, போர்ட்டோ ரிக்கோவையும் குவாமையும் கொடுக்கிறது, பிலிப்பைன்ஸையும் கொடுக்கிறது. கடைசியதற்கு 2 கோடி டாலர். ஒன்பதாவது பிரிவின் முடிவில் ஒரு வாக்கியம் இருக்கிறது: அந்தத் தீவுகளின் பூர்வகுடி மக்களின் குடிமை உரிமைகளையும் அரசியல் நிலையையும் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானிக்கும். ஆரஞ்சு வழக்குக்கு விதை அங்கேதான் விழுந்தது.

அப்புறம் கையெழுத்துகளைப் பாருங்கள். ஐந்து அமெரிக்கர், ஐந்து ஸ்பானியர். அகினால்டோ அனுப்பிய ஃபெலிப்பே அகோன்சில்லோ பாரிஸ் வரை போனார்; பேச்சுவார்த்தை அறைக்குள் விடவில்லை.

செனட் வாக்கெடுப்பு 1899 பிப்ரவரி 6. ஆதரவு 57, எதிர்ப்பு 27, தேவைப்பட்டது 56. அதற்கு இரண்டு நாள் முன்னால், பிப்ரவரி 4 இரவு, மணிலாவுக்கு வெளியே அமெரிக்கக் காவல் வீரர் சுட, சண்டை மூண்டது. வாக்கு வாங்குவதற்காகவே சுட்டார்கள் என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே போதும்.

இந்த இடத்தில் உங்கள் கையிலிருக்கும் பாடப்புத்தகத்தைச் சோதியுங்கள். ஸ்பெயினோடு நடந்த போர் நாலு மாதம்கூட நீடிக்கவில்லை. பிலிப்பினோக்களோடு நடந்தது, அதிபர் ரூஸ்வெல்ட் 1902 ஜூலை 4 அன்று முடிந்துவிட்டது என்று அறிவிக்கும்வரை, மூன்று ஆண்டுக்கு மேல். புத்தகம் எதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறது? அமெரிக்கப் படையில் 4,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிலிப்பினோ போராளிகள் சுமார் 20,000 பேர். பொதுமக்கள் சாவு 2 லட்சம் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. இதில் பெரும்பகுதி பஞ்சமும் நோயும், குறிப்பாக 1902 காலரா. எண்ணிக்கை எழுதும்போது குண்டில் செத்தவர்களையும் நோயில் செத்தவர்களையும் தனித்தனியாக எழுதுங்கள், ஆனால் அந்த நோய் பரவிய காலத்தில் மக்களைக் கிராமங்களிலிருந்து பெயர்த்து முகாம்களில் அடைத்தது யார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். 1901 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் படாங்காஸில் அமெரிக்க ஜெனரல் பெல் போட்ட உத்தரவு அது. கியூபாவில் ஸ்பானிய ஜெனரல் வேய்லர் இதையே செய்தபோது அமெரிக்கப் பத்திரிகைகள் அவரைக் கசாப்புக்காரர் என்றன. 1902-இல் செனட் குழு முன் சாட்சி சொன்ன அமெரிக்க வீரர்கள், கைதிகளின் வாயில் தண்ணீரை ஊற்றி வயிறு ஊத வைக்கும் சித்திரவதையை விவரித்திருக்கிறார்கள். அந்தச் சாட்சியங்கள் அச்சில் இருக்கின்றன. சொந்த நாட்டுப் படையைப் பற்றி அந்த நாட்டு வீரரே சொன்னது என்பதால் மற்றெந்த ஆவணத்தையும்விட இதற்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

கேலிச்சித்திரம் பார்க்கத் தெரிய வேண்டும்

தேர்வில் கேலிச்சித்திரம் கொடுத்தால் எல்லோரும் நடுவில் நிற்கும் அங்கிள் சாமை, அதாவது அமெரிக்காவை ஓர் ஆளாக வரைந்த உருவத்தை, பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மூலைகளிலிருந்து தொடங்குங்கள். 'பக்' வார இதழில் 1899 ஜனவரி 25 அன்று லூயிஸ் டால்ரிம்பிள் வரைந்த பள்ளிக்கூடப் படம் பயிற்சிக்கு நல்லது. அங்கிள் சாம் பிரம்போடு நிற்கும் வாத்தியார். முன் பெஞ்சில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நான்கு புது மாணவர்கள்: பிலிப்பைன்ஸ், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, கியூபா. பின்னால் கலிஃபோர்னியா, டெக்சஸ் எல்லாம் ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கின்றன. சரி, இப்போது ஓரங்கள். ஏணியில் ஏறி ஜன்னல் துடைக்கிற கறுப்பினச் சிறுவன். தனியாக உட்கார்ந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் அமெரிக்கப் பழங்குடிச் சிறுவன். வாசலுக்கு வெளியிலேயே நிற்கும் சீனச் சிறுவன். புது மாணவர்களுக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன கிடைக்கும் என்பதை அந்த மூவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். தேதியையும் கவனியுங்கள்: செனட் வாக்கெடுப்புக்குப் பன்னிரண்டு நாள் முன்பு.

எதிர்த்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1898-இல் பாஸ்டனில் உருவான ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தில் மார்க் ட்வெய்னும் ஆண்ட்ரூ கார்னகியும் இருந்தார்கள் என்பதால் எதிர்த்த எல்லோரையும் நல்லவர்கள் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். தென் கரோலினா செனட்டர் டில்மன் பிலிப்பைன்ஸ் இணைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். வெள்ளையரல்லாத இன்னும் பல லட்சம் பேர் நாட்டுக்குள் வந்துவிடுவார்கள் என்பது அவருடைய கவலை.

இனி பேச்சுகளுக்கு வரலாம்

எந்தப் பேச்சை எடுத்தாலும் முதலில் அது எப்போது அச்சில் வந்தது என்று பாருங்கள். அப்போதைய அதிபர் மெக்கின்லி மண்டியிட்டுப் பிரார்த்தித்தார், பிலிப்பைன்ஸை வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெளிவு பிறந்தது என்ற கதையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 1899-இல் தன்னைப் பார்க்க வந்த மெதடிஸ்ட் கிறித்தவக் குழுவிடம் அவர் அப்படிச் சொன்னதாக, அந்தக் குழுவில் இருந்த ஒருவர் 1903-இல் எழுதினார். மெக்கின்லி சுடப்பட்டு இறந்தது 1901. மேற்கோள் காட்டுங்கள், தவறில்லை, ஆனால் இந்த விவரத்தையும் கூடவே சொல்லுங்கள்.

அதைவிடப் பயனுள்ளது 1898 டிசம்பர் 21 தேதியிட்ட மெக்கின்லியின் பிரகடனம். அமெரிக்கர்கள் நண்பர்களாக வருகிறார்கள், கருணையோடு அரவணைப்பார்கள் என்று அதில் இருக்கும். தீவுக்கூட்டம் முழுவதும் இனி அமெரிக்க இறையாண்மையின் கீழ், ராணுவ ஆட்சி எல்லா இடத்துக்கும் விரிவுபடுத்தப்படும் என்றும் இருக்கும். செனட் ஒப்புதலுக்கு அப்போது இன்னும் ஆறு வாரத்துக்கு மேல் இருந்தது. மணிலாவிலிருந்த அமெரிக்க ஜெனரல் ஓட்டிஸ், மூலத்தை அப்படியே போட்டால் வம்பு என்று இறையாண்மை பற்றிய இடங்களை மழுப்பி 1899 ஜனவரி 4 அன்று வெளியிட்டார். பிலிப்பைன்ஸின் இன்னொரு ஊரான இலோயிலோவில் இருந்த ஜெனரல் மில்லரோ மூலத்தை அப்படியே வெளியிட்டுவிட்டார். இரண்டும் பிலிப்பினோக்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்து, ஓட்டிஸ் கை வைத்த இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அடுத்து, அகினால்டோ ஜனவரி 5 அன்று வெளியிட்ட பதிலை எடுத்து, அவர் எந்தெந்த இடங்களுக்குப் பதில் சொல்கிறார் என்று வட்டங்களோடு ஒத்துப் பாருங்கள். செனட்டர்களின் முழக்கங்களை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.